பகலில் எரியும் விளக்கு: புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு டிஆர்எல் பற்றி

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை. எனக்கு முன்னால் சாம்பல் நிறக் கார் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதன் பின்பக்கம் ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை. பிரேக் பிடித்தபோது மட்டும் சிவப்பு தெரிந்தது, பிறகு மறுபடி சாலையின் நிறத்தோடு கரைந்துவிட்டது. சிக்னலில் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "சார், பின்னாடி லைட் எரியலை" என்றேன். அவர் முன்னால் கைகாட்டி, "எரியுதே, பாருங்க" என்றார். முன்னால் நின்ற வண்டியின் பம்பரில் அவருடைய விளக்கின் வெள்ளை வெளிச்சம் நன்றாகவே விழுந்திருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. முன்பக்கம் எரிந்தது டிஆர்எல் (Daytime Running Lamp), அதாவது வண்டி ஓடும்போது பகலில் தானாகவே எரியும் விளக்கு. அது எரிந்தால் பின்பக்கமும் எரியும் என்று நம்பியிருந்தார்.

இந்த ஒரு குழப்பத்தைத் தீர்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். டிஆர்எல் நல்ல விஷயம்தான். ஆனால் அது எதற்காக எரிகிறது, எப்போது போதாமல் போகிறது என்று தெரியாமல் ஓட்டினால் அதுவே ஆபத்தாகிவிடும்.

பார்ப்பதற்கு அல்ல, தெரிவதற்கு

ஹெட்லைட் எரிவது நாம் சாலையைப் பார்ப்பதற்கு. டிஆர்எல் என்னும் பகல் விளக்கு எரிவது மற்றவர்கள் நம்மைப் பார்ப்பதற்கு. அது சாலையில் வெளிச்சம் போடாது, போடவும் வேண்டாம். எதிரே வருபவர், சாலையைக் கடக்க நிற்பவர், பக்கச் சாலையிலிருந்து திரும்ப நினைப்பவர் ஆகியோரின் கண்ணில் படுவதுதான் அதன் ஒரே வேலை.

பகலில் எல்லாம் தெரியத்தானே செய்கிறது, விளக்கு எதற்கு என்று தோன்றலாம். கண் அப்படி வேலை செய்வதில்லை. சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதற்கு அடியிலிருந்து வரும் கார் வெறும் கறுப்பு நிழல்தான். அடர்ந்த மரநிழலில் வரும் கரும்பச்சைக் காரும் அப்படியே. தார்ச்சாலை நிறத்திலேயே இருக்கும் சாம்பல் காரை நேராகப் பார்த்தாலும் மனம் பதிவு செய்யாமல் விட்டுவிடும். ஓரக்கண்ணுக்கு வடிவம் சரியாகத் தெரியாது. ஆனால் சுற்றுப்புறத்தைவிடப் பளிச்சென்று இருக்கும் புள்ளியை அது உடனே பிடித்துக்கொள்ளும். டிஆர்எல் நம்பியிருப்பது இந்த வேறுபாட்டைத்தான். அப்புறம், விளக்கு எரிந்தால் அந்த வண்டி ஓடுகிறது, சும்மா நிறுத்தி வைத்திருக்கவில்லை என்பதும் தூரத்திலேயே தெரிந்துவிடும். இருவழிச் சாலையில் முந்திச் செல்ல நினைப்பவருக்கு இது பெரிய உதவி.

உள்ளே என்ன நடக்கிறது

பழைய வண்டிகளில் தனி விளக்கு கிடையாது. ஹெட்லைட்டின் லோ பீமையே, அதாவது டிம்மையே, பகலிலும் எரியவிட்டார்கள். சாதாரண ஹாலஜன் லோ பீம் பல்பு 55 வாட். இரண்டு சேர்ந்தால் 110. கூடவே பின்விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, மீட்டர் விளக்கு எல்லாம் எரியும். அந்த மின்சாரம் பெட்ரோலிலிருந்துதான் வரவேண்டும், பல்பும் சீக்கிரம் தேயும்.

அடுத்து வந்தது குறைந்த வெளிச்சத்தில் ஹை பீம், அதாவது பிரைட். வட அமெரிக்கக் கார்கள் பலவற்றில் இடது, வலது ஹை பீம் பல்புகளைத் தொடராக இணைத்தார்கள். 12 வோல்ட் இரண்டாகப் பங்கு பிரிந்து ஒவ்வொன்றுக்கும் சுமார் 6 வோல்ட் கிடைக்கும். வோல்டேஜ் பாதியானால் வெளிச்சமும் பாதியாகும் என்று நினைக்கவேண்டாம். இழை பல்பில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக விழுந்துவிடும். பகலுக்கு அது போதும். வேறு சில கார்களில் இண்டிகேட்டர் பல்பையே அணையாமல் எரியவிட்டு, திரும்பும்போது மட்டும் மினுக்கவைத்தார்கள். இன்னும் சிலவற்றில் 21 வாட் பல்பு ஒன்றைத் தனியாக வைத்தார்கள்.

இப்போது வருவது பெரும்பாலும் எல்ஈடி. 2004-இல் ஆடி ஏ8 காரின் டபிள்யூ12 மாடலில் எல்ஈடி பகல் விளக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கம்பெனியும் புருவம் போலவும் பூமராங் போலவும் தனக்கென்று ஒரு வடிவத்தை எடுத்துக்கொண்டது. வெளித்தோற்றத்தை விடுங்கள், உள்ளே இருப்பது எளிது. எல்ஈடிக்கு நிலையான மின்னோட்டம் வேண்டும். அதைத் தருவது டிரைவர் என்னும் சிறு மின்னணுப் பலகை. இரண்டு பக்கமும் சேர்ந்தால்கூட ஹாலஜன் லோ பீம் ஒன்றுக்கு ஆகும் மின்சாரத்தில் ஒரு பகுதிதான் செலவாகும். எல்ஈடி அடிக்கடி கெடாமல் இருப்பதால் பகல் முழுக்க எரிவதும் பாரமில்லை.

ஒரு விஷயத்தை இங்கே கவனியுங்கள். பல கார்களில் பகலில் டிஆர்எல்லாக எரிவதும் இரவில் பார்க்கிங் லைட்டாக எரிவதும் ஒரே எல்ஈடி வரிசைதான். பகலில் முழு வெளிச்சம், ஹெட்லைட் போட்டதும் மங்கல். அந்த மங்கலைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்துப் போட்டுத்தான் உண்டாக்குகிறார்கள். கைபேசி கேமராவில் பார்த்தால் விளக்கு துடிப்பது போலத் தெரியும். அது கோளாறு இல்லை.

முதல் வேலை: சுவர் முன்னால் பத்து நிமிடம்

காரோடு வந்த கையேட்டுப் புத்தகத்தைப் படிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். மாலை மங்கும் நேரத்தில், ஏதாவது ஒரு சுவருக்கு முன் நான்கைந்து மீட்டர் தள்ளிக் காரை நிறுத்துங்கள். சமதளமாக இருக்கட்டும். துணைக்கு ஒருவர் இருந்தால் நல்லது.

விளக்கு ஸ்விட்சை ஆஃபில் வையுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். முன்பக்கம் ஏதாவது எரிகிறதா? எரியவில்லை என்றால் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை மிதித்தபடி பார்க்கிங்கிலிருந்து எடுங்கள். சில கார்களில் ஹேண்ட்பிரேக் போட்டிருந்தால் டிஆர்எல் எரியாது, சிலவற்றில் வண்டி முதல்முறை நகர்ந்த பிறகுதான் எரியும். விதியே இதை அனுமதிக்கிறது. இப்படித்தான் இருக்கும் என்று தெரியாமல் விளக்கு கெட்டுவிட்டதாக மெக்கானிக்கிடம் போனவர்கள் உண்டு.

இப்போது முக்கியமான கட்டம். ஹேண்ட்பிரேக்கை மறுபடி நன்றாகப் போட்டுவிட்டு (அதனால் டிஆர்எல் அணைந்துவிடும் கார் என்றால் நீங்கள் இருக்கையிலேயே இருந்து துணைக்கு வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள்) பின்பக்கம் போய்ப் பாருங்கள். பின்விளக்கு எரிகிறதா, இல்லையா? இதற்கான விடையை மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காரைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயங்களில் முதல் வரிசையில் நிற்பது இதுதான். நிறைய கார்களில் விடை 'இல்லை'.

அடுத்து ஸ்விட்சை ஒவ்வொரு நிலையாகத் திருப்புங்கள். பார்க்கிங் லைட்டுக்கு இரண்டு சிறு விளக்குகள் முதுகுக்கு முதுகு ஒட்டி நிற்பது போன்ற குறி. லோ பீமுக்கு, அதாவது டிம்முக்கு, கோடுகள் கீழ்நோக்கிச் சாய்ந்த பச்சைக் குறி. ஹை பீமுக்கு நேர்கோடுகள் கொண்ட நீலக் குறி. லோ பீம் போட்டதும் டிஆர்எல் அணையவேண்டும் அல்லது மங்கவேண்டும். சுவரில் விழும் வெளிச்சத்தையும் பாருங்கள். டிஆர்எல் மட்டும் எரியும்போது சுவரெல்லாம் ஒரே மாதிரி லேசாக வெளுத்திருக்கும். லோ பீம் போட்டதும் மேலே இருட்டு, கீழே வெளிச்சம் என்று கத்தரித்த மாதிரி ஒரு கோடு விழும். எதிரே வருபவர் கண்ணைக் காப்பாற்றுவது அந்தக் கோடுதான். டிஆர்எல்லுக்கு அது கிடையாது.

இண்டிகேட்டரைப் போட்டுப் பாருங்கள். இண்டிகேட்டருக்கு ஒட்டியே டிஆர்எல் இருந்தால் அந்தப் பக்கத்து விளக்கு மட்டும் அணையும் அல்லது மங்கும். பளிச்சென்ற வெள்ளைக்குப் பக்கத்தில் மஞ்சள் மினுக்குவது தெரியாமல் போய்விடும் என்பதால் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

எப்போது லோ பீமுக்கு மாறவேண்டும்

இதைத்தான் நான் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தி, மழை, மூடுபனி, சுரங்கப்பாதை, புழுதி. இந்த ஐந்தில் எது வந்தாலும் கையால் லோ பீமைப் போடுங்கள்.

முன்பெல்லாம் இருட்டினால் மீட்டர் தெரியாது, அதனால் தானாகவே கை ஸ்விட்சுக்குப் போய்விடும். இப்போதைய கார்களில் மீட்டர் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. முன்னால் டிஆர்எல் கொஞ்சம் வெளிச்சமும் தருகிறது. தெருவிளக்கு இருக்கும் சாலை என்றால் ஓட்டுபவருக்குச் சந்தேகமே வராது. பின்னால் வருபவருக்கோ இருட்டில் ஓடும் இருட்டுக் கார் மட்டுமே. கனடாவில் இதைப் பேய் வண்டி என்றே சொல்கிறார்கள். அங்கே இதற்காகவே விதியை மாற்றினார்கள். 2021 செப்டம்பர் 1 முதல் தயாராகும் புதிய வண்டிகளில் மூன்றில் ஒன்று இருந்தாக வேண்டும்: டிஆர்எல்லோடு பின்விளக்கும் எரியவேண்டும், அல்லது இருட்டினால் எல்லா விளக்கும் தானாகவே எரியவேண்டும், அல்லது விளக்கு போடும்வரை மீட்டர் இருட்டாகவே இருக்கவேண்டும். மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. பழைய கார்கள் தெரியாமல் செய்த உபகாரத்தைத் தெரிந்தே திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஆட்டோ என்ற நிலை இருந்தால் அதிலேயே வைத்திருங்கள், ஆனால் முழுக்க நம்பிவிடாதீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் சென்சார் அளப்பது வெளிச்சத்தின் அளவைத்தான். பல கார்களில் மழையையும் மூடுபனியையும் அது தனியாக அறிவதில்லை. பகல் மூடுபனியில் வெள்ளை வெளிச்சம் நிறைய இருக்கும், ஐம்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. சென்சாரைப் பொறுத்தவரை அது நல்ல பகல். அமெரிக்காவில் பல மாநிலங்களில் வைப்பர் ஓடினால் ஹெட்லைட் எரியவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வைப்பருக்குக் கை போனால் லோ பீமுக்கும் கை போகட்டும். அந்தச் சட்டம் இல்லாத ஊரிலும் இந்தப் பழக்கம் நல்லது.

இன்னொன்று, நேர் எதிரானது. நல்ல இருட்டில் டிஆர்எல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டினால் எதிரே வருபவருக்குக் கண் கூசும். பகலுக்கென்று கணக்கிட்ட வெளிச்சம் அது, நேராகக் கண்ணைப் பார்த்து எரிகிறது.

விதிகள் என்ன சொல்கின்றன

இந்தப் பழக்கம் வடக்கே தொடங்கியது. குளிர்காலத்தில் சூரியன் தலைக்கு மேல் வராமல் அடிவானத்திலேயே நகரும் நாடுகளில் பகல் என்பதே அந்தி மாதிரிதான். பின்லாந்து 1972-இல் ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் குளிர்காலத்துக்கு மட்டும் விளக்கைக் கட்டாயமாக்கியது. ஸ்வீடன் 1977-இல் ஆண்டு முழுவதற்கும் கட்டாயமாக்கியது. நார்வே, ஐஸ்லாந்து, டென்மார்க் எல்லாம் 1990-க்குள் சேர்ந்துகொண்டன. கனடா ஓட்டுநரை விட்டுவிட்டுத் தயாரிப்பாளரைப் பிடித்தது. 1989 டிசம்பர் 1-க்குப் பிறகு தயாரான ஒவ்வொரு புதிய காரிலும் டிஆர்எல் இருந்தாக வேண்டும்.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளுங்கள். 'கார் எப்படித் தயாராக வேண்டும்' என்பது ஒரு விதி. 'ஓட்டுபவர் எந்த விளக்கை எப்போது போடவேண்டும்' என்பது வேறு விதி. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பிப்ரவரி 7 முதல் புதிதாக ஒப்புதல் பெறும் கார் மாடல்களுக்கும் சிறிய வேன்களுக்கும், 2012 ஆகஸ்டு முதல் லாரி, பேருந்துகளுக்கும் தனி டிஆர்எல்லைக் கட்டாயமாக்கியது. அது முதல் வகை. பழைய காரில் போய் மாட்டவேண்டும் என்று அது சொல்லவில்லை. போலந்தில் 2007 முதல் ஆண்டு முழுவதும் பகலிலும் விளக்கு எரியவேண்டும் என்பது இரண்டாம் வகை. ஆஸ்திரியா 2005 நவம்பரில் அப்படி ஒரு விதி போட்டு, 2008 ஜனவரியிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டது. எல்லாக் கார்களும் விளக்கோடு வந்தால் மோட்டார் சைக்கிளும் நடப்பவரும் அந்த வெளிச்சக் கூட்டத்தில் மறைந்துபோவார்கள் என்ற கவலை அங்கே வலுவாக எழுந்தது. அந்தக் கவலையை நான் ஒதுக்கமாட்டேன். டிஆர்எல் எரிகிற காரில் இருப்பவர், விளக்கே இல்லாமல் நடந்து வருபவரை இன்னும் கவனமாகத் தேடவேண்டும்.

அமெரிக்கா 1993-இல் அனுமதித்தது, ஆனால் கட்டாயமாக்கவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1995 மாடல்களிலிருந்து தானாகவே பொருத்த ஆரம்பித்து, எல்லோருக்கும் கட்டாயமாக்குங்கள் என்று 2001-இல் மனுவும் போட்டது. 2009-இல் அரசு அதை நிராகரித்தது. விபத்துகள் மொத்தமாகக் குறைந்ததற்குத் தெளிவான ஆதாரம் அவர்களுடைய ஆய்வில் கிடைக்கவில்லை. வடக்கே அந்தி போன்ற பகலில் கிடைக்கும் பலன் வெயில் கொளுத்தும் இடத்தில் அதே அளவு கிடைக்கும் என்று சொல்லமுடியாதுதான். ஆனாலும் மரநிழலும் தாழ்ந்த சூரியனும் எல்லா ஊரிலும் உண்டு, செலவும் மிகக் குறைவு. அதனால் எரியட்டும் என்பதுதான் என் பக்கம்.

தொழில்நுட்ப அளவுகளுக்கு வருவோம். உலகில் நிறைய நாடுகள் பின்பற்றுவது ஐ.நா. விதிகள் 48, 87. எங்கே, எப்படிப் பொருத்துவது என்பது 48-இல். விளக்கு எப்படி இருக்கவேண்டும் என்பது 87-இல் (புதிய ஒப்புதல்களுக்கு இப்போது அதன் இடத்தில் 148). வெளிச்சம் நேர்முன்னால் 400 கேண்டலாவுக்கு (ஒரு திசையில் போகும் வெளிச்சத்தை அளக்கும் அலகு) குறையக்கூடாது, எந்தத் திசையிலும் 1200-ஐத் தாண்டக்கூடாது. முன் பார்க்கிங் லைட்டுக்கு உச்சவரம்பு 140 கேண்டலாதான். அது ஏன் பகலில் கண்ணில் படுவதில்லை என்பது இதிலேயே புரிந்துவிடும். எரியும் பரப்பு 25 முதல் 200 சதுர சென்டிமீட்டர் வரை. நிறம் வெள்ளை மட்டும். தரையிலிருந்து 250 மில்லிமீட்டருக்கு மேல், 1500-க்குள். இரண்டு விளக்குகளின் உள்விளிம்புகளுக்கு இடையே குறைந்தது 600 மில்லிமீட்டர். வண்டியின் அகலம் 1300-க்குக் கீழே என்றால் 400 போதும். ஹெட்லைட் போட்டால் தானாக அணையவேண்டும். ஹை பீமை ஒரு கணம் அடித்துக் காட்டும்போது மட்டும் அணையத் தேவையில்லை. அமெரிக்க விதி இதைவிடத் தளர்வானது. அங்கே மஞ்சள் நிறமும் செல்லும், வெளிச்சமும் இன்னும் கூடுதலாக இருக்கலாம். அங்கிருந்து வந்த கார் இண்டிகேட்டரையே டிஆர்எல்லாக எரித்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

பழைய காரில் தனியாகப் பொருத்துவது

முதலில் யோசியுங்கள், இது தேவையா? பகலில் லோ பீம் போட்டு ஓட்டினாலே பாதி வேலை முடிந்தது, பின்விளக்கும் சேர்ந்து எரியும். தேவை என்று முடிவு செய்தால் வாங்குவதற்கு முன் விளக்கின் கண்ணாடியில் இருக்கும் முத்திரையைப் பாருங்கள். வட்டத்துக்குள் E என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும், அருகில் ஆர்எல் (RL) என்ற எழுத்துகளும் பதிந்திருக்கவேண்டும். அந்த ஆர்எல் இருந்தால்தான் பகல் விளக்கு என்று ஒப்புதல் பெற்றது. எல்ஈடி பட்டை என்று விற்பவற்றில் பெரும்பாலும் அது இருக்காது. பகலில் மங்கல், இரவில் கூச்சம் என்று இரண்டு கெட்டதும் சேர்ந்து வரும்.

வயரிங் பயப்படும்படி இருக்காது. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு வயர், ஃப்யூஸ் வழியாக. பாடியில் எர்த். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து ஒன்று. பார்க்கிங் லைட் அல்லது லோ பீம் வயரிலிருந்து இன்னொன்று. கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். இரவில் விளக்கை மங்கவைப்பதும் அணைப்பதும் அந்த வயர்தான். அதை விட்டுவிட்டால் இரவு முழுக்க எதிரே வருபவர் கண்ணைக் குத்திக்கொண்டே போவீர்கள். பேட்டரி வோல்டேஜ் ஏறுவதைப் பார்த்து இன்ஜின் ஓடுகிறது என்று புரிந்துகொள்ளும் கிட்டுகளும் உண்டு. புதிய கார்கள் பலவற்றில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் தேவைக்கேற்ப வோல்டேஜை இறக்கும், அப்போதெல்லாம் விளக்கு அணைந்து அணைந்து எரியும். அந்த வகைக் கார் என்றால் சாவி வயர் இருக்கும் கிட்டையே எடுங்கள்.

பொருத்தும்போது மேலே சொன்ன உயரத்தையும் இடைவெளியையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். விளக்கு நேராக முன்னால் பார்க்கட்டும். ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியை அடைக்கவேண்டாம். வாரண்டி இருக்கும் காரில் வயரை வெட்டாதீர்கள். விளக்கு மாற்றத்துக்கு உங்கள் நாட்டில் பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டுமா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கெட்டுப்போனால்

ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் முதலில் கனெக்டரையும் எர்த்தையும் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். இரண்டு பக்கமும் ஒன்றாகப் போயிருந்தால் பெரும்பாலும் ஃப்யூஸ், ரிலே அல்லது டிஸ்பிளே மெனுவில் யாரோ அணைத்து வைத்த ஒரு டிக். பல்பு வகை என்றால் அதே எண் உள்ள பல்பைப் போடுங்கள். அதிக வாட் போட்டால் விளக்கின் பிளாஸ்டிக் உருகும்.

எல்ஈடி வரிசையில் ஒரு துண்டு மட்டும் இருண்டிருந்தாலோ ஒரு பக்கம் மஞ்சளாகத் தெரிந்தாலோ சிக்கல் டிரைவர் பலகையில் இருக்கலாம், அல்லது எல்ஈடியிலேயே இருக்கலாம். பல கார்களில் ஹெட்லைட்டைப் பிரிக்கமுடியாதபடி ஒட்டியிருப்பார்கள், முழுசாக மாற்றச் சொல்வார்கள். உடனே தலையாட்டாதீர்கள். டிரைவர் பலகை வெளியிலிருந்தே கழற்றும்படி தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். அப்படியும் உண்டு, செலவு வெகுவாகக் குறையும். விளக்குக்குள் நீர்த்துளி நின்றால் பின்மூடியின் ரப்பரையும் காற்றுத் துளையையும் பார்க்கச் சொல்லுங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் புது விளக்கு போட்டால் அடுத்த மழையில் அதிலும் தண்ணீர் நிற்கும்.